டாம் பாம்படிலை மறந்துவிட்டுப் பாருங்கள்

மாயாஜால நாவல் ஒன்று படமாகி வந்தால் ரசிகர்கள் முதலில் இறங்குவது எது விட்டுப்போனது என்ற கணக்கெடுப்பில்தான். ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ விஷயத்தில் அந்தக் கணக்கு பெரும்பாலும் டாம் பாம்படிலில் தொடங்கும். போட்டவரை மறையச் செய்யும் மந்திர மோதிரத்தை வாங்கி விரலில் மாட்டிய பிறகும் மறையாமல் நின்று சிரிக்கிற ஆள். பீட்டர் ஜாக்சனின் படங்களில் அவர் இல்லவே இல்லை. 2001-இல் முதல் படம் வந்ததிலிருந்து இந்தப் புலம்பல் ஓயவில்லை. விட்டுப்போனதையே எண்ணிக்கொண்டிருந்தால் திரையில் இருப்பதை எப்போது பார்ப்பது?

வேறு ஒன்றைக் கவனியுங்கள்: கதையின் ஒவ்வொரு கட்டத்திலும் நமக்கு என்னவெல்லாம் தெரியும்? ஜாக்சன் செய்த பெரிய மாற்றம் அங்கேதான் இருக்கிறது.

நாவலாசிரியர் டோல்கீன் இரண்டாம் பாகத்தை இரண்டாக வகிர்ந்து வைத்திருக்கிறார். முன்பாதி முழுக்க வீரன் அரகோர்னின் கூட்டம். பின்பாதி முழுக்க மோதிரத்தைச் சுமந்து செல்லும் ஃப்ரோடோவும் அவன் தோழன் சாமும். ஒன்றைச் சொல்லும்போது மற்றதைப் பற்றி மூச்சு விடமாட்டார். ஃப்ரோடோ எதிரிகளிடம் சிக்குவதோடு பாகம் முடிகிறது. 1954 நவம்பரில் அதைப் படித்தவர்கள் அடுத்த பாகத்துக்காக 1955 அக்டோபர் வரை காத்திருந்தார்கள். அது வந்த பிறகும் பாதிப் புத்தகம் வரை ஃப்ரோடோ தலைகாட்டுவதில்லை. அந்தப் பாதியின் கடைசியில், எதிரி நாடான மோர்டோரின் கறுப்பு வாசல் முன்னால், அதன் அதிபதி சவுரானின் தூதன் ஒரு மித்ரில் உலோகச் சட்டையை எடுத்து விரிக்கிறான். ஃப்ரோடோ போட்டிருந்த சட்டை. அங்கே நிற்கும் ஃப்ரோடோவின் நண்பன் பிப்பின் அலறுகிறான். நமக்கும் நெஞ்சு அடைக்கிறது, ஏனென்றால் ஃப்ரோடோ பிடிபட்டான் என்பதோடு நம் தகவலும் நின்றுபோயிருக்கிறது.

படத்தில் இரண்டு கதைகளும் மாறி மாறி ஓடுகின்றன. நீட்டிக்கப்பட்ட பதிப்பில் தூதன் அந்தச் சட்டையைக் காட்டுவதற்குள், சாம் ஃப்ரோடோவை மீட்டதை நாம் பார்த்தாயிற்று. ஃப்ரோடோவைப் பற்றித் தூதன் புளுகுகிறான் என்று நமக்குத் தெரியும். வாசலில் நிற்பவர்கள்மேல் பரிதாபம் வருமே தவிர, பயம் வராது. தியேட்டருக்கு வந்த பதிப்பில் இந்தக் காட்சியே கிடையாது. நல்ல முடிவு.

ஆனால் மலைகளில் எச்சரிக்கைத் தீ ஏற்றும் கட்டத்துக்கு வாருங்கள். நாவலில் பிப்பினும் மந்திரவாதி காண்டால்ஃபும் குதிரையில் விரையும்போது, மலைகளில் தீ எரிவதை வழியில் பார்க்கிறார்கள். காண்டால்ஃப் மலைகளின் பெயர்களைச் சொல்கிறார். சில வரிகளில் முடிந்தது. அண்டை நாடான ரோஹனிடம் உதவி கேட்டுச் செல்வது ஒரு தூதன், கையில் சிவப்பு அம்போடு. படத்தில் அந்த அம்பு இல்லை. அதன் வேலையையும் தீயே செய்கிறது. ஆட்சியாளர் டெனத்தோருக்குத் தெரியாமல் பிப்பின் திருட்டுத்தனமாக ஏறி முதல் தீயை மூட்டுகிறான். பிறகு பேச்சே இல்லை. ஹோவர்ட் ஷோரின் இசை உயர உயர, பனிச் சிகரங்கள் தாண்டி ஒவ்வொரு தீயாகப் பற்றிக்கொள்கிறது. இங்கே படம்தான் ஜெயிக்கிறது, சந்தேகமே வேண்டாம். ஒரு முறை ஒலியை நிறுத்திவிட்டும் பாருங்கள். இசை எவ்வளவு தூக்கிச் சுமக்கிறது என்பது புரியும்.

டெனத்தோரின் மகன் ஃபராமிர் விவகாரம் வேறு. நாவலில் மோதிரத்தின் ஆசையைத் தள்ளிவிட்டு ஃப்ரோடோவைப் போகவிடுகிற கண்ணியவான். படத்தில் ஃப்ரோடோவைக் கைதியாக இழுத்துக்கொண்டு போகிறான். ரசிகர்களின் கோபம் நியாயமானதுதான். ஆனால் காரணத்தையும் தேடுங்கள்: நாவலின் இரண்டாம் பாகத்தில் வரும் ராட்சதச் சிலந்தி ஷெலாப் மூன்றாம் படத்துக்குத் தள்ளிப்போனதும், இரண்டாம் படத்தில் ஃப்ரோடோவுக்கு வேறொரு ஆபத்து தேவைப்பட்டது. ஒன்றை நகர்த்தினால் இன்னொன்று சரிகிறது. இப்படி ஒரு மாற்றத்திலிருந்து அடுத்ததைப் பிடித்துக்கொண்டே போவது, குறை சொல்வதைவிடச் சுவாரஸ்யமான விளையாட்டு.

முடிவுக் கட்டத்தில் நான் நாவலின் கட்சி. போர் முடிந்து ஊர் திரும்பும், ஃப்ரோடோ, சாம், பிப்பின் உள்ளிட்ட நான்கு ஹாபிட்களும் (குட்டி மனிதர்கள்) தங்கள் ஊரான ஷைர் பாழாகிக் கிடப்பதைப் பார்க்கிறார்கள்: மரங்கள் வெட்டப்பட்டு, வீடுகள் இடிக்கப்பட்டு, எல்லாம் துரோகி மந்திரவாதி சாருமானின் கைவரிசை. மறுபடி போராட வேண்டியிருக்கிறது. 1916-இல் சோம் போர்க்களத்தில் இருந்துவிட்டு வந்த டோல்கீன் எழுதியது இது. படத்தில் ஷைர் அப்படியே இருக்கிறது. நால்வரும் மதுக்கடையில் உட்கார்ந்திருக்க, சுற்றியிருப்பவர்கள் ஒரு பெரிய பூசணிக்காயைப் பார்த்து வியக்கிறார்கள். போய் வந்தவர்களின் தனிமை அதில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனாலும் அது பாதிதான்.

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் ஒப்பிட முனையாதீர்கள். ஒரு அத்தியாயத்தைப் படித்துவிட்டு, அன்றைக்கே அந்தக் காட்சியை மட்டும் போட்டுப் பாருங்கள். ஆலன் லீ, ஜான் ஹவ் என்ற இரண்டு ஓவியர்கள் டோல்கீனின் கதைகளுக்குப் பல ஆண்டுகள் படம் வரைந்தவர்கள். இந்தப் படங்களின் காட்சி வடிவமைப்பிலும் அவர்கள் கை உண்டு. அவர்களுடைய ஓவியங்கள் உள்ள பதிப்பு கிடைத்தால் விடாதீர்கள்.

இதே முறையை ‘தி ஹாபிட்’டிடம் காட்ட வேண்டாம். 1937-இல் வந்த டோல்கீனின் அந்தச் சின்ன நாவலை 2012 முதல் 2014 வரை மூன்று படங்களாக இழுத்துவிட்டார்கள். அதற்குப் புத்தகமே போதும்.