விளக்கொளியில் தேறிய நிலைத்தன்மை

கரிமச் சூரிய மின்கலங்களின் ஆயுளைப் பற்றிய ஆய்வுகளில் ஒரு முடிவு வழக்கமாகிவிட்டது: உலோக ஆக்சைடு படலம் சேர்த்தோம், நிலைத்தன்மை உயர்ந்தது. இது பாதி உண்மை.

அந்தப் பாதியை மறுப்பதற்கில்லை. மின்முனையின் மேல் முன்பு பூசப்பட்ட பெடாட்-பிஎஸ்எஸ் என்ற கடத்தும் பலபடி அமிலத்தன்மை உள்ளது, ஈரத்தை உறிஞ்சுவது, அடியிலுள்ள மின்முனையை அரிப்பது. அதன் இடத்துக்கு மாலிப்டினம் ஆக்சைடு வந்ததும் அந்தத் தொல்லை தீர்ந்தது. அடுக்குகளைத் தலைகீழாக்கி அடியில் துத்தநாக ஆக்சைடை இட்டதால், காற்றுப் பட்டால் கெட்டுப்போகும் கால்சியத்தையும் அலுமினியத்தையும் விட்டு வெள்ளியை மேல் மின்முனையாக்க முடிந்தது.

ஆனால் துத்தநாக ஆக்சைடு ஓர் ஒளிவினையூக்கி. கழிவுநீரிலுள்ள சாயத்தைச் சிதைக்க அதைப் பரிசோதிப்பதே இந்தக் குணத்துக்காகத்தான். புற ஊதாக் கதிர் பட்டதும் அதன் பரப்பில் ஹைட்ராக்சில் போன்ற வினைத்துடிப்புள்ள கூறுகள் பிறக்கின்றன. எலக்ட்ரானை ஏற்கும் பொருளாக ஃபுல்லரீன் இருந்த காலத்தில் இது அவ்வளவாக உறுத்தவில்லை. ஐடிஐசி, 2019இல் வந்த ஒய்6 போன்ற புதிய ஏற்பிகளில் நடுப்பகுதியையும் முனைகளையும் இணைக்கும் கார்பன் இரட்டைப் பிணைப்புதான் பலவீனமான இடம். அது அறுந்தால் மூலக்கூறு நிறமிழக்கிறது, ஒளியை உறிஞ்சும் திறனும் போகிறது. காவலுக்கு வைத்த படலமே அழிவைத் தொடங்கிவைக்கிறது.

இது துறைக்குத் தெரியாத செய்தியல்ல. இருந்தும் நைட்ரஜன் பெட்டிக்குள், வெள்ளை எல்இடி விளக்கின் கீழ் கலத்தை வைத்து ஆயிரக்கணக்கான மணி நேரம் தாங்கியது என்று எழுதுகிறார்கள். அந்த விளக்கில் புற ஊதா அநேகமாக இல்லை. வெயிலின் ஆற்றலிலோ ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு அதுதான். எந்தத் தாக்குதலைத் தாங்குமா என்று பார்க்க வேண்டுமோ, அதையே நீக்கிவிட்டு அளப்பது சோதனையாகாது.

வடிகட்டி போட்டால் போதும் என்பார்கள். 2021இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் ஃபாரஸ்டின் குழு 30 ஆண்டுக்கு மேற்பட்ட ஆயுளைக் கணித்தபோது, புற ஊதா வடிகட்டி மட்டும் போதவில்லை. இருபுறமும் ஆக்சைடுக்கும் கரிமப் பொருளுக்கும் நடுவே தடுப்புப் படலங்களும் தேவைப்பட்டன. ஆக்சைடைத் தொடவிடாமல் பெற்ற ஆயுளை ஆக்சைடின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை. அந்த எண்ணும் செறிந்த ஒளியில் வேகப்படுத்திய சோதனையிலிருந்து நீட்டிக் கணித்ததே.

ஒளிவினையூக்கம் குறைந்த வெள்ளீய ஆக்சைடு மேலான தேர்வு. அதையும் வெயிலில்தான் நிரூபிக்க வேண்டும். திறந்தவெளியில் எப்படி அளப்பது என்று, இத்துறை ஆய்வாளர்கள் ஒப்புக்கொண்ட ஐஎஸ்ஓஎஸ் நெறிமுறைகள் 2011லேயே வகுத்துவிட்டன. வடிகட்டி, தடுப்புப் படலம் எல்லாவற்றோடும் கலத்தைக் கூரையில் வைத்து அளந்த எண் வராதவரை, எல்இடி விளக்கின் மணிக்கணக்கை ஆயுள் என்று நான் ஏற்கமாட்டேன்.