‘உப்பு நகரங்கள்’ - பொதுமை உடைமையான கதை

எண்ணெய் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக உலக வாழ்வை இயக்கி வருகிறது. ஆயினும், அது தோன்றும் மண்ணில் வாழும் மக்களைப் பற்றி எழுந்த பெரும் புதினங்கள் மிகச் சிலவே. இக்குறையை 1992ஆம் ஆண்டில் அமிதவ் கோஷ் தம் கட்டுரை ஒன்றில் எடுத்துக்காட்டினார். அக்கட்டுரைக்கு வாயிலாக அமைந்த நூல், அப்துர் ரஹ்மான் முனீஃப் அரபு மொழியில் இயற்றிய ‘உப்பு நகரங்கள்’ என்பதாகும். இஃது ஐந்து பகுதிகளை உடையது. முதற்பகுதி 1984இல் வெளிவந்தது. இறுதிப் பகுதிகள் 1989இல் வெளிவந்தன. முதற்பகுதியைப் பீட்டர் தரூ 1987இல் ஆங்கிலத்தில் பெயர்த்தார். யாம் ஈண்டு ஆராயப் புகுவது, அம்மொழிபெயர்ப்பின் வழியாக அறியப்படும் முதற்பகுதியையே.

இந்நூலைப் பற்றி இருவகைக் கருத்துகள் நிலவுகின்றன. அழிந்துபோன சோலையூர் ஒன்றுக்குப் பாடிய இரங்கற்பாவே இந்நூல் என்பது ஒன்று. தனித்தலைவன் இல்லாமையால் இதனைப் புதினம் எனக் கொள்ளுதல் அரிது என்பது மற்றொன்று. பின்னதனை அமெரிக்க எழுத்தாளர் ஜான் அப்டைக் 1988இல் வெளியிட்டார். இவ்விரண்டும் நூலின் பொருளைக் காணத் தவறின என்பதே எம் கருத்து. எல்லார்க்கும் பொதுவாயிருந்த நீர், நிழல், உறையுள், மருந்து ஆகியவை, பெருஞ்செல்வம் வந்த அந்நாளிலேயே, விலைக்கோ ஆள்வோர் அருளுக்கோ உரியனவாக மாறிய வரலாறே இந்நூலின் பொருள். தனித்தலைவன் இல்லாமையும் இப்பொருளிலிருந்தே பிறக்கிறது. இதனை நிறுவுதல் இக்கட்டுரையின் நோக்கம்.

ஆசிரியர்

முனீஃப் 1933இல் அம்மானில் பிறந்தவர். தந்தையார் சவூதி அரேபியாவைச் சார்ந்தவர், தாயார் ஈராக்கியர். பெல்கிரேடுப் பல்கலைக்கழகத்தில் எண்ணெய்ப் பொருளியலில் டாக்டர் பட்டம் பெற்று, எண்ணெய்த் துறையிலேயே பணியாற்றினார். 1963இல் சவூதி அரசு அவர்தம் குடியுரிமையைப் பறித்தது. 2004இல் தமாஸ்கசில் மறைந்தார். எண்ணெயின் கணக்கை அறிந்த ஒருவரே அதன் கதையையும் எழுதினார் என்பதை நாம் மறத்தலாகாது. வருவாய் எவ்வளவு என்னும் வினாவைவிட, வந்தது எங்கே சென்றது என்னும் வினாவே அவரைப் பெரிதும் வருத்தியது. அவ்வினாவை அவர் புள்ளிகளால் அன்றி மாந்தரால் எழுப்புகிறார்.

சோலையூர்

பாலையின் நடுவே ஊற்றுகளும் பேரீந்துகளும் பொலியும் வாதி அல்-உயூன் என்னும் ஊரோடு கதை தொடங்குகிறது. வணிகச் சாத்துகள் தங்கி இளைப்பாறும் இடம் அது. வழிப்போக்கர்க்கு அங்கே நீரும் நிழலும் உண்டு. எனினும், ஆசிரியர் அதனைச் செல்வம் கொழிக்கும் ஊராகக் காட்டினாரல்லர். மக்கள் பெருகி நிலம் தாங்காதபோது, இளைஞர் சாத்துகளோடு புறப்பட்டு அயல்நாடு செல்வர், சிலர் நெடுநாள் கழித்து மீள்வர், சிலர் மீளார். ஆகவே, இல்லாத பொற்காலம் ஒன்றைப் படைத்து அதற்காக இவர் அழுகின்றார் எனல் பொருந்தாது. அவ்வூரில் வறுமை உண்டு. ஆனால், வளத்தைப் போலவே வறுமையும் பொதுவாயிருந்தது.

அயல்நாட்டார் சிலர் நீர் தேடுவார் போல அங்கு வருகின்றனர். ஐயுற்ற ஊரார் அமீரிடம் சென்று முறையிடுகின்றனர். நிலத்தின்கீழ்ச் செல்வக்கடல் கிடப்பதாகவும், அதனால் யாவரும் வாழ்வர் எனவும் அவர் கூறி அனுப்புகிறார். பின்னர்ப் பொறிகள் வருகின்றன. மரங்கள் வேரோடு சாய்க்கப்படுகின்றன. ஊரே இல்லாமற் போகிறது. முதலிலிருந்தே எதிர்த்து நின்ற மித்அப் அல்-ஹத்தால் தன் ஒட்டகத்தின்மேலேறிப் பாலையில் மறைகிறான். இப்பகுதியின் அவலத்தில் திளைத்தவர்கள் அமீரின் வாக்குறுதியை மறந்துவிடுகின்றனர். ‘யாவரும் வாழ்வர்’ என்னும் அவ்வாக்கு மெய்யாயிற்றா என்று சோதிப்பதே நூலின் எஞ்சிய பகுதி முழுதும் என்க.

இரு ஹர்ரான்கள்

கதை பின்னர் ஹர்ரான் என்னும் கடற்கரைச் சிற்றூருக்குப் பெயர்கிறது. எண்ணெய் ஏற்றும் துறைமுகம் அங்கே எழுகிறது. மித்அபின் மகன் ஃபவ்வாஸ் முதலியோர் கூலிக்காரராய் அங்கு வந்து சேர்கின்றனர். பழங்குடிகளின் வீடுகள் இடிபடுகின்றன. விரைவில் ஹர்ரான் இரண்டாகிறது. அமெரிக்கர் வாழும் பகுதியில் குளிர்பதனம் செய்த வீடுகளும் நீச்சற்குளமும் உள்ளன. அவற்றைக் கட்டி முடித்த தொழிலாளர், வேலை முடிந்ததும் வெப்பம் தகிக்கும் கொட்டடிகளுக்குத் திரும்புகின்றனர். வெயில் இரு பகுதிக்கும் பொது. வெயிலினின்று காக்கும் வசதி ஒரு பகுதிக்கே உரியது. ஆசிரியர் இதனை விரித்துரைத்து இடித்துக் கூறவில்லை. குளக்கரையினரையும் கொட்டடியினரையும் அடுத்தடுத்து நிறுத்திவிட்டு அமைகிறார். அவ்வமைதியே குற்றச்சாட்டாக நிற்கிறது.

புதுமைப் பொருள்கள் நாட்டினர்க்கு முற்றும் எட்டாதன அல்ல. ஆளுநராய் வரும் அமீர் காலிதுக்குத் தொலைநோக்கியும் வானொலியும் தொலைபேசியும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்கின்றன. குழந்தைபோல் அவற்றில் அவர் மூழ்குகிறார். ஊருக்கு வர வேண்டிய வசதி ஆளுநரின் விளையாட்டுப் பொருளாகச் சுருங்குகிறது. இந்நகைச்சுவைப் பகுதிகளைக் கதைப்போக்கிற்கு வேண்டாதன என்பாரும் உளர். வகுத்தளிக்கும் கடமையுடைய ஒருவன் பெறுபவனாக மட்டும் நின்றுவிட்டதைக் காட்டுதலால், அவை வேண்டுவனவே என்போம்.

இரு மருத்துவர்

நூலின் உயிர்நிலை இரு மருத்துவரின் கதையில் உள்ளது. முஃபத்தி என்பவன் நாட்டு மருத்துவன். சூடிட்டும் மூலிகை கொடுத்தும் நோய் தீர்ப்பவன். பொருள் பெற மறுப்பவன். டாக்டர் சுப்ஹி அல்-மஹ்மல்ஜி அயலிலிருந்து வந்து மருத்துவமனை அமைக்கிறார்; கட்டணம் பெறுகிறார்; அமீருக்கு அணுக்கராகிறார். முஃபத்தி துன்புறுத்தப்பட்டுச் சிறைப்படுகிறான். பின்னர்க் கொலையுண்டு கிடக்கிறான்.

இதனைப் பழமைக்கும் புதுமைக்கும் நேர்ந்த போராகக் கொள்வது எளிது. அங்ஙனம் கொள்ளின், ஆசிரியர் அறிவியலுக்குப் பகைவர் என்றாகும். யாம் அவ்வாறு கருதவில்லை. டாக்டரின் கல்வி பொய்க்கல்வி அன்று. முஃபத்தியின் மருந்து எல்லா நோயையும் தீர்ப்பதும் அன்று. இருவரிடையே உள்ள வேறுபாடு நோயாளி வந்து நிற்கும் வாயிலில் உள்ளது. ஒருவன் வாயிலில் நோய் ஒன்றே தகுதி. மற்றவர் வாயிலில் பொருளும் வேண்டும். நாட்டின் வருவாய் பெருகிய காலத்தில் கூலிக்காரனின் மருந்துக்கு விலை ஏற்பட்டது என்பதே இங்குள்ள முரண். நல்ல மருத்துவம் வந்தது. அதனைப் பொதுவாக்கும் அறம் வரவில்லை. இரண்டாம் பகுதியில் இந்த டாக்டரே தலைநகரில் சுல்தானின் ஆலோசகராய்ப் பெருஞ்செல்வராகிறார் என்பது எம் கருத்தினை வலியுறுத்தும்.

தலைவன் இல்லாமை

முஃபத்தியின் கொலையும், கம்பெனி தொழிலாளர் சிலரை நீக்கியதும் ஒருங்கே சேர்ந்து வேலைநிறுத்தமாக வெடிக்கின்றன. அதனை நடத்துபவன் இன்னான் என்று சுட்ட இயலாது. மித்அப் தொடக்கத்திலேயே மறைந்தான்; முஃபத்தி மாண்டான். ஊரே எழுகிறது. இங்குத்தான் அப்டைக்கின் குறைகூறல் ஆராயத்தக்கது. தனியொருவன் உள்ளப் போராட்டமே புதினம் என்பது ஐரோப்பிய மரபிற் பிறந்த ஓர் இலக்கணம். பொருள் மாறின் வடிவும் மாறும். கிணற்றுக்கும் கூரைக்கும் மருந்துக்கும் உரியவர் ஒருவர் அல்லர். அவற்றை இழந்த கதைக்கும் ஒருவர் தலைவராதல் இயலாது. எனவே, ஊரைத் தலைமையாக்கியது ஆசிரியரின் இயலாமை அன்று. பொருளுணர்ச்சி எனத் தெளிக.

வரலாற்றுச் சான்று

புதினத்தில் நாட்டின் மெய்ப்பெயர் இல்லை. எனினும், சவூதி அரேபியாவின் கீழைக் கரையோடு இதற்குள்ள ஒப்புமை வெளிப்படை. 1933இல் அமெரிக்கக் கம்பெனிக்கு எண்ணெய் உரிமை வழங்கப்பட்டது. 1938இல் தம்மாம் ஏழாம் கிணற்றில் எண்ணெய் பெருகியது. தஹ்ரானில் அமெரிக்கர்க்கும் நாட்டுத் தொழிலாளர்க்கும் குடியிருப்புகள் வெவ்வேறாக அமைந்தன. 1950இல் கம்பெனியின் ஆதாயத்தில் பாதி அரசுக்கு என்னும் உடன்பாடு ஏற்பட்டது. ஆயினும், 1953இல் தொழிலாளர் ஊதியமும் உறையுளும் சமநடத்தையும் வேண்டிப் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். 1956இல் மீண்டும் கிளர்ச்சி எழ, வேலைநிறுத்தமே அரச ஆணையால் தடைசெய்யப்பட்டது. கருவூலத்தின் பங்கு உயர்ந்தமையால் கொட்டடியின் கூரை தானே உயரவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

நடுவுநிலையோடு ஒன்று கூறுதல் கடன். 1973இல் எண்ணெய் விலை ஏறிய பின்னர், அந்நாட்டரசு குடிமக்களுக்கு இலவசக் கல்வியையும் மருத்துவத்தையும் பெரிதும் பரப்பியது. அதனால் முனீஃபின் குற்றச்சாட்டு தள்ளுபடியாயிற்றா? இல்லை என்போம். உரிமையாகக் கேட்க இயலாது, அருளாகப் பெறுவது, அளிப்பவர் மனம் மாறும்வரையே நிற்கும். மேலும், குடிமகன் அல்லாத அயல்நாட்டுத் தொழிலாளிக்கு அவ்வருள் ஒத்த அளவில் எட்டுவதில்லை. தமிழகத்திலிருந்தும் ஈழத்திலிருந்தும் வளைகுடா நாடுகளுக்கு உழைக்கச் சென்றோர் பலராதலின், ஹர்ரான் கொட்டடி நமக்கு முற்றும் அயலானதன்று.

இறைமாட்சியில் வள்ளுவர் அரசின் ஆற்றலை நான்காக்கி, பொருள் வரும் வழி காண்டல், தொகுத்தல், காத்தல், பகுத்தல் என்னும் கருத்துப்பட உரைப்பார். ஹர்ரானில் முதலாவதனை அயல்நாட்டுக் கம்பெனி செய்கிறது. இரண்டாவது அரண்மனையிலும் மூன்றாவது படைவீரர் கையிலும் உள்ளன. நான்காவதற்கு ஆளில்லை. குடிகள் இறுக்கும் இறையால் வாழாத இறை, குடிகளுக்குக் கணக்குக் காட்ட வேண்டிய கடப்பாட்டையும் உணர்வதில்லை. இத்தகைய அரசினை ஈரானை முன்வைத்து 1970இல் ஹுசைன் மஹ்தவி பொருளியல் நோக்கில் ஆராய்ந்தார். முனீஃப் அதனையே கதையாகக் காட்டினார்.

குறைகளும் முடிபும்

நூலில் குறைகள் இல்லாமலில்லை. அமெரிக்கர் ஒருவரும் முழு மாந்தராக உருப்பெறவில்லை. அமீரின் சித்திரம் சில இடங்களில் கேலியளவில் நின்றுவிடுகிறது. தொழிலாளரை நுணுகிக் கண்ட கண், அவர்தம் மனையிலிருந்த மகளிரை அத்துணை நுணுக்கமாகக் காணவில்லை. பலரைப் பேச வந்த நூலில் பாதிப்பேர் பெரிதும் பேசாதிருத்தல் கருதத்தக்க குறையே.

எனினும், நூலின் தலைப்பு அதன் முடிபையும் தாங்கி நிற்கிறது. நீர் புகுந்தால் கரைந்துபோகும் நகரங்கள் என்பது ஆசிரியர் அத்தலைப்பிற்குக் கருதிய பொருள். வாதி அல்-உயூன் நீரால் வாழ்ந்த ஊர். ஹர்ரானோ நீருக்கு அஞ்ச வேண்டிய நகரம். முன்னதில் ஊற்று யாவர்க்கும் உரியதாயிருந்தது. பின்னதில் குளம் வேலிக்கு அப்பால் இருக்கிறது. ஒரு நாட்டின் செல்வத்தை அளக்க விரும்புவோர் கிணறுகளை எண்ணுதல் போதாது. வேலிக்கு இப்பால் நிற்பவன் நோயுறும்போது எந்த வாயிலில் சென்று நிற்பான் என்பதையும் காண வேண்டும். அதனைக் காணச் செய்தமையால் இந்நூல் நம் ஆய்வுக்கு உரியதாகிறது.