கோலி சோடா: நம் வழிகளும் தரமும்

நம் சோடாக்காரர் சங்கத்தின் மலருக்கு ஒரு கட்டுரை தர வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னால் மறுக்க முடியுமா? 2022 ஏப்ரலில் திருப்பதி சித்தூரிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகிவிட்டது. ஆனால் சோடாக்காரர்களுக்குச் சித்தூரும் திருப்பதியும் இன்றும் ஒரே வீடுதான்.

சோடா செய்வதில் நம்மிடையே மூன்று வழிகள் உண்டு. முதல் வழி, மெஷினைக் கையால் சுற்றும் கோலிக்காரர்கள். 1872-ல் ஹிராம் காட் காப்புரிமை பெற்ற புட்டி அவர்களுடையது. அதற்கு மூடி இல்லை. உள்ளிருக்கும் கேஸே கோலியை வாஷரோடு அழுத்தி வாயை அடைக்கும். இரண்டாவது, கிரவுன் மூடிக்காரர்கள். 1916-ல் விருதுநகரில் தோன்றிய காளிமார்க்கும், 1919-ல் ராமச்சந்திரபுரத்தில் தோன்றிய ஆர்ட்டோஸும் ஆகிய குளிர்பான நிறுவனங்கள் அவர்களுக்கு முன்னோடிகள். மூன்றாவது, பன்னீர், இஞ்சி என்று மணம் கூட்டுபவர்கள். மூவரையும் மதிக்கிறேன்.

நான் முதல் வழியில் வந்தவன். சித்தூரில் என் ஆசான் விடியுமுன் தண்ணீரை வடிகட்டி, ஐஸ்கட்டிக்கு நடுவில் பாத்திரத்தை இறக்கிவிடுவார். "சூட்டுத் தண்ணியில கேஸ் தங்காதுடா" என்பார். 0 டிகிரியில் கரையும் கேஸில் பாதிகூட 25 டிகிரியில் கரையாது என்று பின்னாளில் படித்தபோது அவர் முகம்தான் நினைவுக்கு வந்தது. பெட்டிக்கு ஒரு புட்டியை எடுத்து வைத்து மறுநாள் திறப்பார். சத்தம் மந்தமாக இருந்தால் அன்றே எல்லா வாஷரையும் மாற்றச் சொல்வார். கணக்குப் பார்க்க மாட்டார்.

தரம் என்றால் என்ன என்பதற்கு வெளிநாட்டில் ஒரு சாட்சி இருக்கிறது. இத்தாலியில் ஃபிரான்சாகோர்த்தா என்று ஒரு சிறு வட்டாரம். 1961-ல் ஃபிராங்கோ ஜிலியானி அங்கே புட்டிக்குள்ளேயே மறுபடி நொதிக்க வைத்துப் பொங்கும் ஒயின் செய்தார். 1990-ல் உற்பத்தியாளர்கள் ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்தார்கள். 1995-ல் நாட்டின் உயர்ந்த தர முத்திரை கிடைத்தது. ஈஸ்ட் வண்டலோடு குறைந்தது 18 மாதம் புட்டி கிடக்க வேண்டும் என்பது அங்கே விதி. ஷாம்பெயின் பெயரைக் கடன் வாங்காமலே அந்த ஊர்ப் பெயர் நிமிர்ந்து நிற்கிறது.

நம் ஊரில்? யாரையும் சுட்டிச் சொல்லவில்லை. கஷ்டப்பட்டுத் தொழில் செய்பவர்களே பலர். ஆனாலும் சில இடங்களில் போர்வெல் தண்ணீர் ஆறாமலே மெஷினுக்குப் போகிறது. நைந்த வாஷர் மாதக்கணக்கில் கிடக்கிறது. கழுத்து உடைந்த புட்டிகூடத் திரும்ப வருகிறது. புட்டியைக் கழுவ நேரமில்லை என்பவருக்குத் தொழிலே எதற்கு? அலிபிரியில் மலையேறப் போகும் பக்தர் ஒரு வாய் குடித்து முகம் சுளித்தால், பழி அந்தக் கடையோடு நிற்காது. அவர் ஊர் திரும்பித் திருப்பதி சோடா என்றுதான் சொல்வார். நம் பெரியவர்கள் தோள்வலியோடு சேர்த்த பெயர் இப்படி ஒவ்வொரு மிடறாகக் கரைகிறது. இதைவிடப் பெரிய நஷ்டம் இந்தத் தொழிலுக்கு வந்ததில்லை.

உறுப்பினர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. வரும் பொதுக்குழுவில் மூன்று விதிகளை எழுதிக் கையெழுத்திடுவோம்: குளிர்ந்த சுத்தமான தண்ணீர், நல்ல வாஷர், கழுவிய புட்டி. மூன்றில் ஒன்று குறைந்தாலும் அந்தப் பெட்டி வாசலைத் தாண்டக் கூடாது.