கைக்கடிகாரம் காட்டும் சுமைக் கணக்கு

எனக்குத் தெரிந்த கல்லூரி மாணவர் ஒருவர் 10,000 மீட்டர் ஓட்டப் போட்டிக்காகப் பயிற்சி செய்துவந்தார். அவர் கையில் கட்டியிருந்த கடிகாரம் மணி காட்டுவதோடு நிற்கவில்லை. ஓடிய தூரம், வேகம், இதயத்துடிப்பு ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, நாள்தோறும் ஒரு தீர்ப்பையும் வழங்கியது. "பயிற்சிச் சுமை: உகந்த அளவு" என்பதே பெரும்பாலான நாட்களில் அந்தத் தீர்ப்பு.

கல்லூரி மைதானத்தில் பழுது பார்க்கும் வேலை நடந்ததால், சில வாரங்கள் அவர் சிமெண்டுச் சாலையிலும் ஒரு பாலத்தின் சரிவிலும் ஓட நேர்ந்தது. வலது முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பில் வலி தொடங்கியது. கடிகாரத்தைப் பார்த்தார், "உகந்த அளவு" என்றது. ஓட்டத்தைத் தொடர்ந்தார். மூன்றாவது வாரம் நடக்கவே முடியாமல் மருத்துவரிடம் சென்றபோது, எலும்பில் மயிரிழை போன்ற விரிசல் விழுந்திருப்பது தெரிந்தது. போட்டி நடந்த அன்று அவர் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

கடிகாரம் பழுதடைந்திருந்ததா? இல்லை. அது கூட்டிக் கழித்ததில் பிழை ஏதும் இருந்திருக்காது. ஆனால் அது எதைக் கணக்கிட்டது என்று அவரும் கேட்கவில்லை, அதுவும் சொல்லவில்லை. வாசகர்களே, அந்தக் கேள்வியை இப்போது நாம் கேட்டுப் பார்ப்போம்.

எண் பிறக்கும் விதம்

கடிகாரத்தின் அடிப்பக்கத்தில் பச்சை ஒளி மினுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். இரத்தம் பச்சை ஒளியை நன்கு உறிஞ்சக் கூடியது. ஒவ்வொரு துடிப்பின்போதும் தோலுக்கடியில் இரத்தத்தின் அளவு கூடிக் குறைகிறது. திரும்பி வரும் ஒளியும் அதற்கேற்ப மாறுகிறது. இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் கருவி இதயத்துடிப்பைச் சொல்கிறது.

துடிப்பிலிருந்து சுமைக்குப் போகும் வழியை வகுத்தவர்களுள் முதன்மையானவர், கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் பானிஸ்டர். 1970களின் நடுவில் அவரும் அவருடன் பணியாற்றியோரும் ஓர் எளிய கருத்தை முன்வைத்தனர். ஒவ்வொரு பயிற்சியும் உடலில் இரண்டு விளைவுகளை விட்டுச் செல்கிறது. ஒன்று திறன், அது மெதுவாகத் தேயும். மற்றொன்று களைப்பு, அது விரைவில் மறையும். திறனிலிருந்து களைப்பைக் கழித்தால் அன்றைய ஆற்றல் எவ்வளவு என்று தெரியும். பயிற்சியை அளக்க அவர் உருவாக்கிய அளவு "ட்ரிம்ப்" எனப்படுகிறது. பயிற்சி நேரத்தை இதயத்துடிப்பின் உயர்வால் பெருக்கி, கடுமை கூடக்கூட மதிப்பு விரைந்து பெருகும்படி ஓர் எடையையும் சேர்ப்பது அந்த முறை.

போலார் நிறுவனத்தின் இதயச் சுமைக் கணக்கு இந்த அடித்தளத்தின் மீதே எழுந்தது. கார்மின் கடிகாரங்களோ, பயிற்சி முடிந்த பின்பும் உடல் கூடுதலாக உட்கொள்ளும் ஆக்சிஜனின் அளவை இதயத்துடிப்பிலிருந்து ஊகிக்கின்றன. அந்த முறையை வளர்த்தது பின்லாந்தின் ஃபர்ஸ்ட்பீட் நிறுவனம். அதன் ஆய்வுப் பிரிவைக் கார்மின் 2020இல் வாங்கிக்கொண்டது. ட்ரெய்னிங்பீக்ஸ் போன்ற தளங்கள் திறனுக்கு 42 நாள், களைப்புக்கு 7 நாள் என்று சராசரி போடுகின்றன. போலார் 28 நாளையும் 7 நாளையும் ஒப்பிடுகிறது. கோடிக்கணக்கான மனிதர்களுக்கு ஒரே நாட்கணக்கு! பதினெட்டு வயது மாணவிக்கும் ஐம்பது வயது அலுவலருக்கும் களைப்பு ஒரே வேகத்தில்தான் தீருமா? இந்த ஐயத்தை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

முதல் குறை: அடித்தளத்தில் ஓர் ஊகம்

உங்கள் இதயம் அதிகபட்சமாக நிமிடத்துக்கு எத்தனை முறை துடிக்கும்? இது தெரியாமல் துடிப்பின் "உயர்வை" அளக்க முடியாது. நீங்கள் சொல்லாவிட்டால், பல கருவிகள் 220இலிருந்து வயதைக் கழித்து எடுத்துக்கொள்ளும். முப்பது வயதுக்காரருக்கு 190. இது பலருடைய சராசரியே தவிர உங்களுடைய அளவு ஆகாது. ஒரே வயதினரிடையே இந்த மதிப்பின் திட்ட விலக்கம் ஏறத்தாழ 10 முதல் 12 துடிப்பு வரை இருக்கிறது.

இதனால் என்ன நேரும்? நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முப்பது வயது ஆண் ஒருவர். ஓய்வில் துடிப்பு 60. சராசரி 150 துடிப்பில் ஒரு மணி நேரம் ஓடுகிறார். அதிகபட்சத் துடிப்பு 190 என்று கொண்டால், பானிஸ்டரின் சூத்திரப்படி அன்றைய சுமை சுமார் 100. அவருடைய உண்மையான அதிகபட்சம் 178 என்றால் அதே ஓட்டத்தின் சுமை சுமார் 127. உண்மையில் 202 என்றால் சுமார் 82. அதே கால், அதே சாலை, அதே ஒரு மணி நேரம். விடை மட்டும் 82லிருந்து 127 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம்!

பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஒரு கம்பியின் நீளத்தை அளந்தால்கூடப் பிழை எல்லையைக் குறிக்கச் சொல்லி ஆசிரியர் வற்புறுத்துகிறார். கடிகாரமோ ஒற்றை எண்ணைக் காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. இதைத்தான் நான் முதலில் குறை கூறுவேன்.

துடிப்பை எண்ணுவதிலும் இடறல் உண்டு. ஓடும்போது கை ஆடுகிறது. கடிகாரம் தளர்வாக இருந்தால், நிமிடத்துக்கு 170, 180 என்று விழும் காலடிகளின் அசைவையே துடிப்பு என்று அது எண்ணிவிடுவதுண்டு. மார்பில் கட்டும் பட்டை இதயத்தின் மின் அதிர்வை நேரடியாக உணர்வதால், அதில் இந்தத் தொல்லை குறைவு.

இரண்டாம் குறை: இதயம் மட்டுமா உழைக்கிறது?

ஒரு சரிவில் கீழ்நோக்கி ஓடிப் பாருங்கள். மூச்சு வாங்காது; துடிப்பும் அதிகம் ஏறாது. ஆனால் மறுநாள் படியில் இறங்க முடியாமல் தொடைகள் வலிக்கும். இறக்கத்தில் தொடைத் தசைகள் நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்கி, வேகத்தைத் தடுக்கின்றன. அத்தகைய உழைப்பில் தசையிழைகள் அதிகம் சிதைகின்றன. இதயம் அதை அறியாது. இதயத்தை நம்பியிருக்கும் கணக்கும் அறியாது.

இதற்கு நேர்மாறானது வெயில். கடலோர ஊர்களில் வியர்வை உலராத சித்திரை மாதக் காலையில் நீங்கள் வழக்கமான வேகத்தில் ஓடினாலும் துடிப்பு உயர்ந்துகொண்டே போகும். உடலைக் குளிர்விக்கத் தோலுக்கும் இரத்தம் அனுப்ப வேண்டியிருப்பதே காரணம். கடிகாரம் அதைக் கடும் பயிற்சி என்று வரவு வைக்கும். இதயத்துக்கு அது உண்மையே; கால் எலும்புக்கோ அது மற்றொரு சாதாரண நாள்தான்.

ஆக, இதயம், தசை, தசைநார், எலும்பு ஆகிய நான்கும் நான்கு விதமாகச் சுமக்கின்றன. நான்கு விதமாகத் தேறுகின்றன. பயிற்சி தொடங்கிய சில வாரங்களில் இதயமும் மூச்சும் பழகிவிடும். எலும்பும் தசைநாரும் வலுவேற மாதக் கணக்கில் ஆகும். நம் மாணவரின் கால் அந்த இடைவெளியில்தான் அகப்பட்டுக்கொண்டது. அண்மைக் காலத்தில் சில கடிகாரங்கள், காலடி தரையில் மோதும் தாக்கத்தையும் மதிப்பிட முயல்கின்றன. முயற்சி சரியான திசையில் செல்கிறது. ஆனால் அதுவும் மணிக்கட்டின் அசைவையும் வேகத்தையும் கொண்டு காலைப் பற்றிச் செய்யும் ஊகம் என்பதை மறக்கலாகாது.

மூன்றாம் குறை: விகிதத்தின் மயக்கம்

கடைசி ஒரு வாரத்துச் சுமையைக் கடைசி நான்கு வாரச் சராசரியால் வகுப்பது இன்று பரவலான வழக்கம். ஆஸ்திரேலிய ஆய்வாளர் டிம் கேபெட் 2016இல் எழுதிய கட்டுரை இதைப் புகழடையச் செய்தது. விகிதம் 0.8 முதல் 1.3 வரை இருந்தால் நலம், 1.5ஐத் தாண்டினால் காயம் படும் அபாயம் என்று கூறப்பட்டது. அதற்கு ஆதாரமாக இருந்தவை கிரிக்கெட், ரக்பி, ஆஸ்திரேலியக் கால்பந்து போன்ற குழு ஆட்டங்களில் திரட்டிய விவரங்கள். நெடுந்தூர ஓட்டக்காரரின் கைக்கு அந்த எல்லைக் கோடுகள் பின்னரே வந்து சேர்ந்தன.

இந்த விகிதத்தைச் சற்றுச் சோதிப்போம். தேர்வுக்காக மூன்று வாரம் ஓடாமல் இருந்துவிட்டு, நான்காம் வாரம் 2 கிலோமீட்டர் மட்டும் ஓடுகிறீர்கள். நான்கு வாரச் சராசரி 0.5, விகிதம் 4. அதே வாரத்தில் 80 கிலோமீட்டர் ஓடியிருந்தால்? சராசரி 20, விகிதம் அப்போதும் 4! தெருமுனை வரை ஓடியவரும், காலை முறித்துக்கொள்ளும் அளவுக்கு ஓடியவரும் இங்கே ஒன்றுதான். வகுபடும் எண் வகுக்கும் எண்ணுக்குள்ளேயே ஒளிந்திருப்பதால் விளைந்த விபரீதம் இது. புள்ளியியல் அறிந்தோர் 2017 முதலே இதைச் சுட்டிக்காட்டி வந்தனர். ஒன்றுக்கொன்று தொடர்பற்ற எண்களை நான்கு வாரங்களுக்கு இட்டாலும், கடைசி வாரத்துக்கும் சராசரிக்கும் 0.5 என்ற ஒட்டுறவு தானாகவே தோன்றிவிடும். 2020இல் ஃபிராங்கோ இம்பெல்லிசேரியும் அவர் குழுவினரும் இந்த விகிதத்தின் அடிப்படையையே கேள்விக்குள்ளாக்கினர்.

2025இல் டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு இன்னும் தெளிவானது. 5,200க்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களை 18 மாதங்கள் தொடர்ந்து கவனித்தனர். கடந்த 30 நாட்களில் ஓடிய மிக நீண்ட தூரத்தைவிட 10 சதவீதத்துக்கு மேல் ஒரே ஓட்டத்தில் கூட்டியவர்களுக்குக் காயம் படும் வாய்ப்பு உயர்ந்தது. தூரத்தை இரு மடங்குக்கும் மேலாக நீட்டியவர்களுக்கு அந்த வாய்ப்பும் இரு மடங்கைத் தாண்டியது. தூரத்தைக் கொண்டு கணக்கிட்ட வார விகிதமோ, உயர உயரக் காயத்தை முன்னறிவிக்கவில்லை.

காரணம் விளங்குகிறதல்லவா? சென்ற மாதம் உங்கள் மிக நீண்ட ஓட்டம் 15 கிலோமீட்டர். இந்த ஞாயிறு 20 ஓடிவிட்டு, மற்ற நாட்களில் 5 கிலோமீட்டரைக் குறைத்துக்கொள்கிறீர்கள். வாரத்தின் மொத்தம் மாறவில்லை. கடிகாரம் "உகந்தது" என்கிறது. ஆனால் ஒரே காலையில் மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது. அந்தச் சுமையை வாரச் சராசரி தாங்கவில்லை. உங்கள் கால் தாங்கியது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மேற்கண்ட ஆய்வுக்கான விவரங்கள் கார்மின் கடிகாரங்கள் பதிவு செய்தவையே! கருவி குறித்துவைத்த தூரம் நம்பத்தக்கதாக இருந்தது. அந்தத் தூரத்தை விகிதமாக்கி எச்சரிக்கை மணியாகப் பயன்படுத்தும் வழக்கம்தான் தேறவில்லை. கடிகாரம் நல்ல சாட்சி. ஆனால் அதை நீதிபதி ஆசனத்தில் ஏற்றிவிட்டோம்.

என்ன செய்யலாம்?

கடிகாரத்தைக் கழற்றி எறியச் சொல்லவில்லை. தூரம், நேரம், மாதக் கணக்கிலான போக்கு, காலையில் எழுந்ததும் ஓய்வுத் துடிப்பு ஆகியவற்றை அது பொறுமையாகக் குறித்து வைக்கிறது. அந்தச் சேவைக்கு நன்றி சொல்லலாம். உங்கள் அதிகபட்சத் துடிப்பை முறையாக அளந்து அதில் பதியுங்கள். நீண்ட ஓட்டத்தின் தூரத்தைச் சென்ற மாத உச்சத்தோடு நீங்களே ஒப்பிடுங்கள்.

இன்னொரு கருவியும் உண்டு. விலை மிகக் குறைவு. அமெரிக்க உடலியல் அறிஞர் கார்ல் ஃபாஸ்டர் 2001இல் விளக்கிய முறை இது. பயிற்சி முடிந்து அரை மணி கழித்து, "இன்று எவ்வளவு கடினமாக இருந்தது?" என்று உங்களையே கேட்டு, 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுங்கள். அதை ஓடிய நிமிடங்களால் பெருக்குங்கள். 40 நிமிடம், கடினம் 7 என்றால் 280. இதோடு தூக்கம், மனநிலை, வலி உள்ள இடம் மூன்றையும் ஒரு வரியில் எழுதுங்கள். இப்படி விளையாட்டு வீரர்கள் தாமே சொல்லும் உணர்வுகளையும், கருவிகள் தரும் அளவுகளையும் ஒப்பிட்டு, 56 ஆய்வுகளை அலசிய கட்டுரை ஒன்று 2016இல் வெளிவந்தது. பயிற்சியின் பாதிப்பை வீரரின் சொந்த உணர்வே கூடுதல் நுட்பத்தோடு காட்டியது என்பது அதன் முடிவு.

தயாரிப்பாளர்களுக்கும் ஒரு கோரிக்கை. எண்ணோடு அதன் பிழை எல்லையையும் காட்டுங்கள். "உங்கள் சுமை உகந்தது" என்று எழுதும் இடத்தில் "உங்கள் இதயத்தின் சுமை" என்று எழுதுங்கள். ஒரு சொல் கூடுதலாகச் சேர்ப்பதால் எந்தத் திரையும் நிரம்பிவிடாது. சில எலும்புகள் பிழைக்கலாம்.

நம் மாணவர் இப்போது மீண்டும் ஓடுகிறார். கடிகாரம் அதே கையில்தான் இருக்கிறது. ஆனால் காலையில் எழுந்ததும் முதலில் அவர் கட்டைவிரலால் முன்னெலும்பை அழுத்திப் பார்க்கிறார். வலியில்லை என்றால்தான் காலணியைத் தேடுகிறார். கடிகாரத்தைப் பார்ப்பது அதற்குப் பிறகுதான்.