ஜோவுக்கு ஏன் தெரியவில்லை? – 'பரியேறும் பெருமாள்' மறுபார்வைக் குறிப்புகள்

போன தீபாவளிக்குப் பாளையங்கோட்டை வந்திருந்தபோது தம்பி மகளோடு உட்கார்ந்து 'பரியேறும் பெருமாள்' படத்தை மறுபடியும் பார்த்தேன். அவள் இப்போ பி.இ. இரண்டாம் வருஷம். படம் 2018 செப்டம்பர் 28-ல் வெளியானபோது ஏழாங்கிளாஸ் பிள்ளை, அப்போ கூட்டிட்டுப் போகல. இப்போ முழுசா பார்த்து முடிச்சதும் அழவெல்லாம் இல்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"பெரியப்பா, இந்த ஜோ என்ன லூசா? திருநெல்வேலில பொறந்து வளர்ந்த பிள்ளைக்கு எப்படி எதுவுமே தெரியாம இருக்கும்? எங்க ஸ்கூல்ல எட்டாங்கிளாஸ் பையனுக்கே கயித்துக் கலரைப் பார்த்து யாரு என்னன்னு தெரியும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஏன்னா 2018-ல் என் குறிப்பு நோட்டில் நானும் கிட்டத்தட்ட இதையேதான் எழுதி வச்சிருந்தேன். 'நாயகி பாத்திரம் நம்பும்படி இல்லை, திரைக்கதைப் பலவீனம்' என்று ஒரு வரி. அதோடு விட்டுட்டேன். இந்தப் பதிவு அந்த ஒரு வரியைப் பற்றித்தான். படத்தைப் பற்றி ஏற்கெனவே நிறைய பேர் நிறைய எழுதிவிட்டார்கள். கருப்பி பற்றி, நீல நிறம் பற்றி, சந்தோஷ் நாராயணன் இசை பற்றி எல்லாம் நான் புதுசா சொல்ல ஒன்றுமில்லை.

படம் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமா: மாரி செல்வராஜின் முதல் படம், பா. ரஞ்சித்தின் நீலம் தயாரிப்பு. புளியங்குளத்திலிருந்து வரும் பரியன் (கதிர்) திருநெல்வேலி சட்டக் கல்லூரியில் சேர்கிறான். ஆங்கிலத்தில் நடக்கும் பாடம் புரியவில்லை. கூடப் படிக்கும் ஜோ (ஆனந்தி) சொல்லிக் கொடுக்கிறாள், பழகுகிறார்கள். அவள் ஆதிக்கச் சாதிப் பெண். அக்கா கல்யாணத்துக்கு வகுப்பிலேயே இவனை மட்டும் கூப்பிடுகிறாள். போன இடத்தில் அவள் சொந்தக்காரர்கள் அவனை ஓர் அறைக்குள் அடைத்து அடித்து, மேலே மூத்திரம் பெய்து அனுப்புகிறார்கள். வெளியே ஜோ அவனைத் தேடிக்கொண்டிருக்கிறாள். ஏன் சொல்லாமப் போனே என்று அப்புறம் கோபப்படுகிறாள். அவனும் சொல்வதில்லை. படம் முடியும்வரை அவளுக்கு முழு உண்மை தெரிவதே இல்லை.

கயிறு விஷயத்தை முதலில் முடிச்சிடறேன். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பிளஸ் டூ மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளி மாணவர்கள் கையில் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றியில் அடையாளம் இதெல்லாம் கூடாது, பள்ளிப் பெயரில் சாதிப் பெயர் இருக்கக் கூடாது என்பது வரை அதில் பரிந்துரைகள் உண்டு. ஆக, தம்பி மகள் சொன்னது மிகை இல்லை. இந்த மாவட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த எவருக்கும் தகவல் பற்றாக்குறை கிடையாது.

அப்போ ஜோ பாத்திரம் தப்புதானே? அங்கேதான் எனக்கு இப்போ சந்தேகம்.

கல்லூரியில் யாரும் நேரடியா சாதி கேட்பதில்லை. வேற கேள்வி இருக்கு: "கட்-ஆஃப் எவ்வளவு?" நான் பி.இ. சேர்ந்தது 1998. அப்போ கட்-ஆஃப் 300-க்கு. பிளஸ் டூ மதிப்பெண் 200-க்கு, நுழைவுத் தேர்வு 100-க்கு. (நுழைவுத் தேர்வு 2007-08 சேர்க்கையோடு போயிடுச்சு, இப்போ 200-க்குத்தான்.) முதல் வாரம் ஹாஸ்டல் மெஸ்ஸில் உட்கார்ந்தால் இதுதான் அறிமுகம். எண்ணைச் சொன்னதும் எதிரில் இருப்பவன் மனசுக்குள் ஒரு அட்டவணை ஓடும். இந்தக் கல்லூரி, இந்தப் பிரிவு, இந்த எண், அப்போ இந்த வகுப்பு. கேட்டவன் சாதி கேட்டதா நினைக்கவே மாட்டான். சத்தியமா நானும் நினைக்கல. மார்க் கேட்டேன், அவ்வளவுதான் என்று 20 வருஷம் நம்பிக்கிட்டு இருந்தேன். பதில் சொல்றவனுக்கு மட்டும் அது என்ன கேள்வின்னு தெரியும்.

ஆங்கிலமும் இதே கதைதான். படத்தில் என்னை அதிகமா உலுக்கிய இடம் ரயில் தண்டவாளம் இல்லை, வகுப்பறை. ஆசிரியர் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போக, பரியனால் எழுத முடியவில்லை. அவமானப்படுத்தும்போது அவன் அடங்கிப் போவதில்லை, எகிறுகிறான். பள்ளி முழுக்கத் தமிழில் படித்துவிட்டு வந்தவர்களுக்கு அந்த ஆறு மாசம் எப்படி இருக்கும் என்று தெரியும். எனக்கும் தெரியும், நானும் தமிழ் மீடியம். ஆனா எனக்குத் தட்டுத்தடுமாறினா 'கிராமர் வீக்' என்று பெயர். என் அறைத் தோழனுக்கு அதே தடுமாற்றத்துக்கு வேற பெயர் இருந்தது. 'எப்படி வந்தான்னு தெரியாதா' என்கிற மாதிரி. (2010-ல் அண்ணா பல்கலைக்கழகம் சிவிலும் மெக்கானிக்கலும் தமிழ் வழியில் கொண்டுவந்தது நல்ல விஷயம். ஆனா கேம்பஸ் இன்டர்வியூ தமிழில் வரலியே. அது தனிப் பதிவு.)

அந்தத் தோழனைப் பற்றிச் சொல்லாம இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது.

தாமிரபரணிக் கரையில் வாழைக்கு நடுவே இருக்கும் ஊர் அவனுக்கு. நாலு பேர் அறையில் நாங்க மூணு பேர் மாசம் ஒரு தடவை யாராவது ஒருத்தர் வீட்டுக்குப் போவோம். அவன் மட்டும் ஏதாவது காரணம் சொல்லுவான். ரெக்கார்டு எழுதணும், வயிறு சரியில்லை, இப்படி. சங்கோஜி என்று முடிவு கட்டிவிட்டேன். மூணாம் வருஷம் ஒரு தைப்பூசத்துக்கு விடாப்பிடியா இழுத்துட்டு வந்தேன், பாளையங்கோட்டை வீட்டுக்கு. ஆச்சி இருந்தாள். "தம்பிக்கு எந்த ஊரு?" என்று கேட்டாள், சொன்னான். "அங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டாள், அதையும் சொன்னான். முகம் மாறவே இல்லை, சிரிச்ச முகமாத்தான் இருந்தாள். தண்ணி கொடுத்தாள், காபி கொடுத்தாள். நல்லாத்தான் பேசினாள். சாயங்காலம் கை கழுவக் கொல்லைப்பக்கம் போனா, துவைகல் மேல் அவன் குடிச்ச எவர்சில்வர் டம்ளர் தனியா இருந்தது. நான் பார்த்தேன். பின்னாலேயே வந்த அவனும் பார்த்தான்.

நான் ஆச்சியிடம் கேட்கவில்லை. அவனிடமும் பேசவில்லை. அதற்கப்புறம் அவன் எங்க வீட்டுக்கு வரவில்லை. 'என்னல, வர மாட்டேங்க' என்று நான் கோபித்துக்கொண்டதுகூட உண்டு! நிஜமாகவே கோபம். ஜோவின் கோபம் மாதிரியே.

அதனால் இப்போ சொல்றேன்: ஜோ நம்ப முடியாத பாத்திரம் இல்லை. டம்ளரைக் கண்ணால் பார்த்த பிறகும் 'தெரியாது' என்று இருக்க முடியும். கேட்டால் வீட்டில் சண்டை போட வேண்டிவரும், கேட்காமல் இருந்தால் ஆச்சியும் கிடைப்பாள், நண்பனும் கிடைப்பான். தெரியாமல் இருப்பதற்கு அவ்வளவு வசதி இருக்கிறது. என் 2018 வரி தப்பு.

ஆனா படத்தின் மேல் எனக்கு விமர்சனம் இல்லாமல் போய்விடவில்லை, இடம்தான் மாறியிருக்கு. ஜோவின் அறியாமையை மாரி செல்வராஜ் அழகாக்கிவிட்டார் என்பதுதான் என் குறை. அவளைக் காட்டும்போதெல்லாம் காமிரா குழைகிறது. அவள் வெள்ளந்தி, குழந்தை மாதிரி, அவன் கண்ணுக்குத் தேவதை. அந்தத் தேவதை அப்படியே இருப்பதற்கான செலவு முழுக்கப் பரியன் கணக்கில் ஏறுகிறது. அடி வாங்குவதும் அவன், வாங்கியதை மறைப்பதும் அவன். மறைப்பதை அவனுடைய பெருந்தன்மையாகப் படம் காட்டுகிறது. எனக்கு அது பெருந்தன்மையா தெரியலை, கூடுதல் வேலையா தெரியுது. அடிபட்டவன் அடித்த வீட்டுப் பிள்ளையின் மனசு நோகாமலும் பார்த்துக்கணும் என்கிற வேலை. கடைசிச் சந்திப்பில் ஜோவின் அப்பாவிடம் அவன் பேசுவது தமிழ் சினிமாவில் அரிதான, நேர்மையான பேச்சு. ஆனா அதையும் அப்பாவிடம்தான் பேசுகிறான். ஜோ வருவதற்குள் பேச்சு முடிந்துவிடுகிறது. இரண்டு தேநீர் கிளாஸும் நடுவே ஒரு மல்லிகைப் பூவுமாக முடியும் அந்தக் காட்சியை எல்லாரும் கொண்டாடினார்கள். நானும்தான். இந்த முறை அந்த கிளாஸ்களைப் பார்த்தபோது எனக்குத் துவைகல் ஞாபகம்தான் வந்தது.

அவளிடம் ஒரே ஒரு முறை சொல்லியிருந்தால் படம் என்ன ஆகியிருக்கும்? தம்பி மகளிடம் கேட்டேன். "சொல்லியிருந்தா அவ அப்பா சட்டையைப் பிடிச்சிருப்பா" என்றாள். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

இன்னொரு இடம், முதல்வர் அறை. 'பூ' ராம் நடித்த கல்லூரி முதல்வர் படத்தின் மனசாட்சி மாதிரி வருவார். அறைக்குள் தூக்கில் தொங்குவதைவிட இவன் சண்டை போட்டுச் சாகட்டும் என்ற பொருளில் அவர் சொல்வதைக் கேட்கும்போது, 2016 ஜனவரியில் ஹைதராபாத் பல்கலைக்கழக விடுதி அறையில் இறந்துபோன ரோஹித் வெமுலா நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. பிறகு பரியனிடம் தன் கதையையே சொல்கிறார். தானும் செருப்புத் தைப்பவரின் மகன்தான், பேய் மாதிரிப் படிச்சேன், ஒருகாலத்தில் விரட்டியவர்கள் இன்று என் முன்னால் கைகட்டி நிற்கிறார்கள் என்று. தியேட்டரில் கைத்தட்டல் வாங்கிய இடம். படி, மேலே வா, எல்லாம் மாறும். நெல்லையில் படித்த எல்லாருக்கும் எல்லா வாத்தியாரும் சொன்னதுதான்.

2025 ஜூலை 27-ல் இதே பாளையங்கோட்டையில் 27 வயது மென்பொருள் பொறியாளர் ஒருவர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். சென்னையில் பெரிய நிறுவனத்தில் நல்ல வேலை. வேறு சாதிப் பெண்ணோடான பழக்கம்தான் காரணம் என்று பெண்ணின் தம்பி கைதாகி வழக்கு நடக்கிறது. நான் பார்ப்பதும் அதே வேலைதான். முதல்வர் சொன்னபடியே படித்து, சொன்னபடியே மேலே வந்த பையன். பட்டம் சம்பளம் கொடுக்கும், வீடு கட்டித் தரும். ஊருக்கு வரும்போது தெருவில் நடந்து போக அது போதவில்லை. படத்தைக் குறை சொல்ல முடியாது, 2018-ல் அது பரியனைக் கல்லூரிக்குள்ளேயே விட்டுவிட்டது. ஆனா இன்று அந்த முதல்வர் காட்சியைப் பார்க்கும்போது கைத்தட்ட வரவில்லை.

வேலை இடம் மட்டும் என்ன வாழுது? எங்க துறையில் சாதியே கிடையாதுன்னு அடிச்சுச் சொல்வோம். அதே வாயால் புதுசா சேர்ந்த பையனிடம் "நேட்டிவ் எங்க?... ஓ, அங்க எந்த ஏரியா?" என்று கேட்போம். ஆச்சி கேட்ட கேள்விதான், கையில் ஐடி கார்டு மட்டும் கூடுதல். 2020-ல் கலிபோர்னியா அரசுத் துறையே சிஸ்கோ நிறுவனத்தின் மேல் சாதிப் பாகுபாடு என்று வழக்குப் போட்டது. (2023-ல் இரண்டு மேலாளர்கள் மீதான வழக்கை மட்டும் அந்தத் துறை திரும்பப் பெற்றது.) அதே 2023-ல் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைச் சட்டம் போட்டுத் தடுத்தது. அந்தச் செய்தி வந்த அன்று எங்க டீம் குரூப்பில் ஒருத்தர்கூட அதைப் பகிரவில்லை. நானும்.

கடைசியா அந்தக் கிழவர். கராத்தே வெங்கடேசன் நடித்தது. சாமிக்குச் செய்யும் காரியம் மாதிரி அமைதியாக் கொல்வார், எல்லாமே விபத்தாகவோ தற்கொலையாகவோ தெரியும். டேட்டாவோடு பிழைப்பு நடத்துகிறவன் என்கிற முறையில் எனக்குப் படத்திலேயே கூர்மையான இடம் இதுதான். அவர் செய்த ஒரு கொலைகூட எந்தப் புள்ளிவிவரத்திலும் ஆணவக் கொலை என்று ஏறியிருக்காது. கற்பனை இல்லை இது. 2015 கோகுல்ராஜ் வழக்கில், பி.இ. முடித்த பையனின் உடல் பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில்தான் கிடந்தது. அவனே எழுதியது மாதிரி ஒரு கடிதமும் இருந்தது. தாய் விடாமல் போராடியதால்தான் அது கொலை வழக்காகி, 2022-ல் தண்டனை வரை போனது. ஜோவுக்குத் தெரியவில்லை என்பதும், பதிவேட்டுக்குத் தெரியவில்லை என்பதும் படத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கு. மாரி செல்வராஜ் இதைத் திட்டமிட்டுத்தான் செய்தாரா என்று எனக்குக் கேட்கத் தோன்றும்.

இந்தப் பதிவைப் போடுவதற்கு முன்னால் தோழனுக்குப் போன் செய்தேன். இப்போ கோயம்புத்தூரில் இருக்கிறான். டம்ளர் கதையை எழுதலாமா என்று கேட்டேன். நாங்கள் அதைப் பற்றிப் பேசியதே இதுதான் முதல் தடவை, 24 வருஷம் ஆகுது. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "எழுது மக்கா, ஊர் பேரு மட்டும் போடாத" என்றான். எழுதினதை வாசித்துக் காட்டினேன்.

"எவர்சில்வர் இல்லல," என்றான். "உங்க எல்லாருக்கும்தான் எவர்சில்வர். எனக்குத் தந்தது அலுமினியம்."