மறுநாள் வராதவரின் மதிப்பெண்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் மரக்காணத்தை நெருங்கும்போது பசியோடுதான் இருப்பார்கள். சாலையை ஒட்டிப் பாத்தி பாத்தியாக உப்பளம் கிடக்கும். காரில் இருப்பவர் அதைப் பார்த்துக்கொண்டே கைபேசியில் ‘அருகிலுள்ள உணவகங்கள்’ என்று தேடுவார். திரையில் வரும் பட்டியலில் ஏசி வைத்த குடும்ப உணவகம் இருக்கும், புதுச்சேரி வெள்ளை நகரத்தின் காபிக் கடை இருக்கும், உப்பு வாரிவிட்டு வருகிறவர்கள் நின்றபடி குடிக்கும் டீக்கடையும் இருக்கலாம். மூன்றுக்கும் ஒரே அளவுகோல்தான், ஐந்து நட்சத்திரம். நட்சத்திரம் போடும் இந்தப் பழக்கத்தை ‘மக்கள் குரல்’ என்று கொண்டாடுகிறவர்களும் இருக்கிறார்கள், ‘வெட்டி வேலை’ என்று ஒதுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு தரப்பும் கேட்க மறக்கிற ஒரு கேள்வி உண்டு. நட்சத்திரம் போட்டவர் அந்தக் கடைக்குத் திரும்ப வரக்கூடியவரா? இந்தப் பழக்கத்தின் பலமும் பழுதும் பெரும்பாலும் இதைப் பொறுத்தவைதான்.

பலத்தை முதலில் பார்க்கலாம், அது சிறியதல்ல. ஒரு தெருவில் பத்து வருடமாக இட்லி விற்கும் கடையின் தரத்தைக் காப்பாற்றுவது முதலாளியின் நல்ல மனசு மட்டுமல்ல. இன்று சாம்பார் ஊசியிருந்தால் நாளைக்குப் பாதிப் பேர் எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள் என்ற பயமும் அதில் இருக்கிறது. நெடுஞ்சாலைக் கடைக்கு அந்தப் பயம் கிடையாது. இன்று சாப்பிட்டவர் ஆறு மாதம் கழித்து வருவாரோ வரமாட்டாரோ, நாளைக்கு வேறு கார் வரத்தான் போகிறது. அப்படிப்பட்ட இடத்தில் மோசமாகச் சமைப்பதால் நஷ்டமே இல்லை. மதிப்புரைதான் அந்த நஷ்டத்தைக் கொண்டுவந்தது. சாப்பிட்டுப் போனவர் திரும்பி வரமாட்டார், ஆனால் அவர் எழுதிவைத்தது அடுத்து வருகிறவரின் திரையில் நிற்கும். ஹார்வர்டு வணிகப் பள்ளியின் மைக்கேல் லூக்கா, அமெரிக்காவின் சியாட்டில் நகர உணவகங்களின் வருமானத்தை யெல்ப் தளத்தின் மதிப்பெண்களோடு வைத்து 2011இல் ஓர் ஆய்வு செய்தார். ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் கூடுகிறது என்றது அந்த ஆய்வு. அதைவிட முக்கியமான முடிவு ஒன்றும் அதில் இருக்கிறது. இந்தப் பலன் தனிக் கடைகளுக்குத்தான், பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் பெரிய பெயர்களுக்கு அல்ல. பெரிய பெயரைத் தெரிந்தவருக்கு அந்தப் பெயரே உத்தரவாதம். பெயர் தெரியாத கடைக்கு உத்தரவாதம் தரக்கூடியது முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் சொல். வார இறுதியில் வெளியூர்க் கூட்டம் நிறையும் புதுச்சேரியில், ஒரு சின்னக் கடை பெரிய ஓட்டல்களுக்கு நடுவில் பிழைத்துக் கிடக்க அந்தச் சொல் உதவுகிறது என்றே எடுத்துக்கொள்ளலாம். எழுத்துக்கு இந்த ஊரில் அப்படி ஒரு சக்தி உண்டு என்பதற்குப் பழைய சாட்சி நேரு வீதியின் இந்தியன் காபி ஹவுஸ். யான் மார்ட்டெல் 2001இல் வெளியிட்ட ‘லைஃப் ஆஃப் பை’ நாவலின் முன்குறிப்பில், கதை தனக்குக் கிடைத்த இடமாக அதைச் சொல்லியிருந்தார். அங்கே காபி எப்படி என்று கேட்காமலே போனவர்களும் உண்டு.

பலத்தில் இன்னொன்று, ஆண் வாசகர்கள் சட்டென்று நினைக்காதது. உள்ளூர்க்காரர்களின் வாய்மொழித் தீர்ப்புதான் உண்மையான தீர்ப்பு என்பவர்கள், அந்த வாய்மொழியில் யாருக்கெல்லாம் இடம் இருந்தது என்று பார்க்க வேண்டும். நம் டீக்கடை பெஞ்சு பெரும்பாலும் ஆண்களின் பெஞ்சு. தனியாகப் பயணம் செய்யும் பெண்ணுக்குத் தேவையான தகவல்கள் அந்தப் பேச்சில் வந்ததே இல்லை. கழிப்பறை இருக்கிறதா, அதற்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, இருட்டிய பிறகு உள்ளே போய் உட்காரலாமா என்பவை அவை. முகம் தெரியாத பெண்கள் எழுதும் மதிப்புரைகளில் இன்று அவை வருகின்றன. சாதி விஷயமும் அப்படித்தான். தமிழ்நாட்டில் உணவகத்தைப் பற்றிய கருத்து வெகுகாலம் ருசியைப் பற்றியதாக இருக்கவில்லை, யார் சமைக்கிறார், யார் பக்கத்தில் உட்காருகிறார் என்பதைப் பற்றியதாக இருந்தது. ‘பிராமணாள்’ என்ற சொல்லைப் பெயர்ப்பலகையிலிருந்து நீக்கச் சொல்லி 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்பு பெரியார் மறியல் நடத்தவேண்டியிருந்தது. கிராமத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளை இருந்தபோது அந்த ஊரின் வாடிக்கைக்காரர்கள் பலர் ‘டீ நன்றாக இருக்கிறது’ என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆகவே தினமும் வருகிறவரின் தீர்ப்பு எப்போதும் நியாயமானது என்று சொல்ல நான் தயாரில்லை.

பிறகு பழுது எங்கே? வழிப்போக்கர் வழிப்போக்கருக்காகக் கண்டுபிடித்த கருவியை, வழிப்போக்கர்களுக்காக நடத்தப்படாத கடையின் மேல் வைக்கும்போது. முதலில் கணக்கைப் பார்ப்போம். இரண்டாயிரம் பேர் மதிப்பெண் போட்டுச் சராசரி 4.5 ஆக உள்ள கடற்கரை உணவகத்துக்கு, கோபத்தில் ஒருவர் ஒற்றை நட்சத்திரம் போட்டால் சராசரி அசையவே அசையாது. பத்துப் பேர் மட்டுமே போட்டிருக்கும் மெஸ்ஸுக்கு அதே ஒற்றை நட்சத்திரம் விழுந்தால் 4.5 என்பது 4.2க்கும் கீழே இறங்கிவிடும். பலர் சொல்லும்போது தனி மனிதரின் கோபதாபம் கரைந்துபோகும் என்ற வாதம் பெருநகரத்துக்குச் சரி. சிற்றூரில் கரைவதற்கு அவ்வளவு தண்ணீர் இல்லை. அதோடு, எழுதுகிறவர் யார் என்பதும் இருக்கிறது. காரில் வருகிறவர் எழுதுகிறார், அதிலும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதுகிறார். விடிவதற்கு முன்பே பாத்திக்குள் இறங்கி, வெயில் ஏறுவதற்குள் உப்பு வாரி முடித்து, கால் எரிச்சலோடு வந்து டீ கேட்கிறவர் எழுதுவதில்லை. அவருக்கு அந்தக் கடையைப் பற்றிக் கருத்து இல்லாமலா இருக்கும்? சர்க்கரை கம்மி என்று மாஸ்டரிடம் நேராகச் சொல்கிறார், வேலை முடிந்தது. அந்தக் கருத்தைத் தளம் சேர்த்துவைக்காது. தளம் சேர்த்துவைப்பது கார் நிறுத்த இடமில்லை, கார்டு வாங்கமாட்டார்கள், ஈ மொய்க்கிறது என்பவற்றைத்தான். ஈ பற்றிய புகார் நியாயமானது. மற்ற இரண்டும் அந்தக் கடை யாருக்கும் வாக்குக் கொடுக்காத விஷயங்கள்.

காலக் கணக்கும் இதில் தவறிப்போகிறது. இந்தக் கடற்கரையில் உணவு என்பது பருவம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. நாட்டுப்படகுக்குத் தடை இல்லையென்றாலும் சந்தையில் வரத்து குறைந்துவிடும், விலை ஏறிவிடும். மே மாதத்தில் மீன் சாப்பாடு கேட்டவருக்குத் துண்டு சிறியதாக இருக்கும், ஐஸில் இருந்த மீனாகவும் இருக்கலாம், விலையும் கூட. அவர் இரண்டு நட்சத்திரம் போடுவார். ஜூலையில் அதே கடையில், காலையில் கரைக்கு வந்த மீனைக் குழம்பில் போட்டுத் தின்றவர் ஐந்து போடுவார். தளம் இரண்டையும் கூட்டி வகுத்து மூன்றரை என்று காட்டும். அந்த மூன்றரைச் சாப்பாட்டை அந்தக் கடையில் எந்த நாளிலும் யாரும் சாப்பிட்டதில்லை. உப்பளத்துக்கும் பருவம் உண்டு. ஐப்பசி மழை இறங்கியதும் வேலை நின்றுவிடும், டீக்கடையின் வியாபாரமும் அதோடு படுத்துக்கொள்ளும். அந்த மாதங்களில் போகிறவருக்குக் கிடைப்பது அரைகுறையாகத் திறந்திருக்கும் கடை, ஆறிப்போன வடை. ஒரு பெரிய நகரத்தின் சரவணபவனில் எந்த மாதமும் ஒரே வடைதான். சராசரி என்ற கணக்கு அங்கே பொருந்தும், இங்கே பொருந்தாது.

இந்த நிலத்துக்கே சொந்தமான ஒரு பழைய பரிந்துரை முறை இருக்கிறது. பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை, ஓய்மா நாட்டு நல்லியக்கோடனிடம் பரிசு பெற்ற பாணன், பசியோடு எதிரே வருகிற இன்னொரு பாணனை வழிப்படுத்தும் பாட்டு. அதில் வரும் கிடங்கில் என்ற ஊர் இன்றைய திண்டிவனத்தின் பகுதி. எயிற்பட்டினம் மரக்காணப் பக்கம்தான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. பாட்டை எழுதிய நத்தத்தனார் வழி சொல்லும் விதத்தைக் கவனிக்க வேண்டும். எயிற்பட்டினத்துக்குப் போனால் கள்ளும் சுட்ட உலர்மீனும், வேலூருக்குப் போனால் புளிச்சோறும் ஆமான் இறைச்சியும், ஆமூருக்குப் போனால் வெண்சோறும் நண்டும் கிடைக்கும். ஒவ்வொரு நிலத்துக்கும் அங்கே விளைவது. உலர்மீனுக்கு இத்தனை, நண்டுக்கு இத்தனை என்று மதிப்பெண் இல்லை. சொல்கிறவரும் கேட்கிறவரும் ஒரே தொழில், ஒரே பசி என்பதால் அந்தப் பரிந்துரை பயன்படுகிறது. ‘அது புரவலனைப் புகழக் கட்டிய பாட்டு, காசு வாங்கிச் சொன்ன சான்றிதழ்தானே’ என்று கேட்கலாம். வாங்கியதுதான். ஆனால் வாங்கியதை மறைக்கவில்லை, இன்னது வாங்கினேன் என்பதே பாட்டின் பொருள். இன்று சமூக ஊடகத்தில் கடை கடையாகப் போய் ‘வேற லெவல்’ என்று தட்டைத் தூக்கிக் காட்டுகிறவர்களிடம் இந்த நேர்மையைக் கேட்டு வாங்க, இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2021இல் தனியாக வழிகாட்டுதல் போடவேண்டியிருந்தது. இணைய மதிப்புரைகளுக்கென்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஐஎஸ் 19000 என்ற தரநிலையைக் கொண்டுவந்தது. அது தொடங்கியபோது கட்டாயமாக்கப்படவில்லை, தளங்கள் தாமாக ஏற்றுக்கொள்ள வேண்டியதாகவே இருந்தது. பொய் மதிப்புரை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு லண்டனில் நடந்த ஒன்று போதும். ஊபா பட்லர் என்பவர் 2017இல் தன் வீட்டுக் கொல்லைக் கொட்டகையை உணவகம் என்று பதிவு செய்து, நண்பர்களை எழுதவைத்து, ட்ரிப்அட்வைசர் தளத்தில் லண்டனின் முதலிடத்துக்கே கொண்டுபோனார். அதுவரை அங்கே ஒரு வாடிக்கையாளருக்கும் சாப்பாடு பரிமாறப்படவில்லை.

இதற்கெல்லாம் வரும் வலுவான மறுப்பு, ‘நீங்கள் டீக்கடையை அழகுபடுத்திப் பார்க்கிறீர்கள்’ என்பதுதான். அதில் பாதி உண்மை. தினமும் வருகிறவர் விரும்பித்தான் வருகிறாரா? உப்பளத்துக்குப் பக்கத்தில் இருப்பது ஒரே கடை என்றால் அவர் வருவது தீர்ப்பாகாது, வேறு வழியின்மை. அவருக்கு அந்தக் கடையில் கடன் கணக்கு இருந்தால் இன்னும் மோசம், பாக்கி வைத்திருப்பவர் வடையில் எண்ணெய் நாற்றம் என்று உரக்கச் சொல்லமாட்டார். எனவே திரும்பி வருவதே தரத்துக்குச் சான்று என்ற என் வாதம், போவதற்கு இன்னொரு கடை இருக்கும் இடத்தில்தான் நிற்கும். மறுப்பில் மீதிப் பாதியை நான் ஏற்கவில்லை. ‘அப்படியானால் வெளியூர்க்காரர் நட்சத்திரம் போட்டால் அந்தக் கடை திருந்தும்’ என்பது அது. கடை திருந்தும், யாருக்காகத் திருந்தும் என்பதுதான் சிக்கல். நட்சத்திரத்தைத் துரத்தும் கடை நாற்காலி மாற்றும், விளக்குப் போடும், பெயரை ஆங்கிலத்தில் எழுதும், விலையை ஏற்றும். அது தவறு என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை, கடைக்காரரும் பிழைக்க வேண்டும். ஆனால் அந்தச் செலவை நாள்கூலிக்காரரின் டம்ளரில் ஏற்றிவிட்டு அதைத் தர முன்னேற்றம் என்று சொல்லக்கூடாது. எண்ணெய் எத்தனை முறை காய்ந்தது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பவை வாடிக்கைக்காரர் கண்ணுக்கும் தெரியாது, வழிப்போக்கர் கண்ணுக்கும் தெரியாது. அதற்குத்தான் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டமும் அதன் அலுவலர்களும் இருக்கிறார்கள். சமையலறைக்குள் போகாத ஆயிரம் பேரின் சராசரி, உள்ளே போய்ப் பார்த்த ஓர் அலுவலரின் அறிக்கைக்கு ஈடாகாது.

இப்பழக்கம் மிகவும் தேவைப்படும் இடத்தில்தான் சுத்தமாகச் செல்லாமல் போகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். திண்டிவனம், விக்கிரவாண்டி பக்கத்துச் சாலையில் அரசுப் பேருந்தில் போயிருக்கும் எவருக்கும் மோட்டல் என்றால் என்னவென்று தெரியும். நடுராத்திரியில் பேருந்து ஓரிடத்தில் நிற்கும். சுற்றிலும் வேறு கடை இருக்காது. விலையும் ருசியும் பற்றிப் பயணிகள் சொல்லாத குறையில்லை, பத்திரிகைகளில் எத்தனையோ முறை வந்தாயிற்று. இணையத்தில் அந்த மோட்டல்களுக்கு ஒற்றை நட்சத்திரம் குவிந்தாலும் ஒன்றும் ஆகாது. காரணம் எளிது. காரில் வருகிறவர் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போகலாம், பேருந்துப் பயணி போக முடியாது. எங்கே நிற்பது என்பதைப் போக்குவரத்துக் கழகமும் மோட்டல்காரரும் போட்ட ஒப்பந்தம் முடிவு செய்கிறது. ஆக, கருத்துக்குப் பலம் வருவது எழுதுவதால் அல்ல, எழுந்து வேறு கடைக்குப் போக முடிவதால். அது முடியாதவர்களுக்காக விலைப்பட்டியலை ஒப்பந்தத்திலேயே சேர்த்துக் கட்டாயமாக்குவதும், புகார் வந்தால் நிறுத்தத்தை ரத்து செய்வதும் கழகத்தின் வேலை. பயணிகள் இணைய வரைபடத்தில் போடும் நட்சத்திரங்களைப் படிக்கக் கழகத்தில் ஒருவரை உட்காரவைத்தால், அந்த ஒற்றை நட்சத்திரங்களுக்கு முதல் முறையாக ஒரு பயன் இருக்கும்.