இரவு ஏழு முதல் காலை எட்டு வரை

சட்டங்களை இலக்கிய விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்வது நம்மிடையே வழக்கமில்லை. நாவலையும் சிறுகதையையும் அக்குவேறு ஆணிவேறாக அலசுகிறோம். கோடிக்கணக்கான குழந்தைகளின் விதியை நிர்ணயிக்கிற எழுத்தை மட்டும் வக்கீல்களிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக் கொள்கிறோம். சட்டமும் மனிதன் எழுதியதுதான். அதிலும் பாத்திரங்கள் உண்டு, களம் உண்டு, காலம் உண்டு. களத்தை அறியாமல் ஒரு நாவலாசிரியன் எழுதினால் இரண்டாவது பக்கத்திலேயே வாசகர் அவனைப் பிடித்துவிடுகிறார். சட்டம் எழுதியவருக்குக் களம் தெரியுமா என்று கேட்கத்தான் யாருக்கும் தோன்றுவதில்லை.

நான் கேட்டுப் பார்க்க விரும்புகிறேன். எடுத்துக்கொண்ட நூல்கள் இரண்டு. ஒன்று, 2009-ல் பார்லிமெண்டு நிறைவேற்றி 2010 ஏப்ரல் 1-ந் தேதி அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம். மற்றொன்று, 1986-ல் பிறந்து 2016-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம். இவற்றைப் படித்துப் பார்க்க நான் தேர்ந்த இடம் பழவேற்காடு.

பழவேற்காடு என்றதும் 1613-ல் டச்சுக்காரர் கட்டிய கோட்டையும், மண்டையோடு செதுக்கிய அவர்களுடைய கல்லறைகளும், கூட்டமாக வந்திறங்கும் செங்கால் நாரைகளும் நம்மவருக்கு நினைவு வரும். ஏரிக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழும்பும் ராக்கெட்டும் நினைவு வரும். ஏரியைச் சுற்றியும் ஏரிக்கும் கடலுக்கும் நடுவிலும் இருக்கிற குப்பங்கள் கடைசியாகத்தான் நினைவு வரும். இந்தியாவின் உப்பங்கழிகளில் சில்கா ஏரிக்கு அடுத்தபடி பெரியது இது. இங்கே தண்ணீர் என்பது காட்சிப் பொருள் அல்ல. அதுவே வயல், அதுவே பாதை, பல வீடுகளுக்கு அதுவே கடிகாரம்.

முதலில் கல்வி உரிமைச் சட்டத்தைப் பாராட்டிவிடுகிறேன். அதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரே ஒரு சொல்லுக்குக் கொடுத்திருக்கும் விளக்கம். 1911-ல் கோகலே கட்டாய ஆரம்பக் கல்வி மசோதாவைக் கொண்டுவந்தார். அடுத்த வருஷம் 38-க்கு 13 என்று அது தோற்றது. அந்த மசோதாவில் கட்டாயம் என்பது, பிள்ளையை அனுப்பாத பெற்றோருக்கு அபராதம் என்பதையும் உள்ளடக்கியது. 1950-ல் வந்த அரசியல் சாசனம், பதினான்கு வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வியைப் பத்து வருஷத்துக்குள் தர முயலும்படி சர்க்காருக்குச் சொன்னது. 1960 வந்து போயிற்று. 1993-ல் உச்ச நீதிமன்றம் அதை அடிப்படை உரிமை என்று சொல்லி, 2002-ல் சாசனத்தைத் திருத்தி, 2009-ல்தான் சட்டமாக முடிந்தது. அந்தச் சட்டத்தின் 8-வது பிரிவு, கட்டாயம் என்பது சர்க்காரின் மேல் உள்ள கட்டாயம் என்கிறது. சேர்ப்பதும், வரச் செய்வதும், எட்டாவது வரை முடிக்கச் செய்வதும் சர்க்காரின் பொறுப்பு. பெற்றோருக்கும் 10-வது பிரிவில் கடமை உண்டு. ஆனால் தண்டனை இல்லை. ஏழையின் மேல் ஓங்கியிருந்த பிரம்பைச் சர்க்காரின் பக்கம் திருப்பிய இந்த ஒரு வாக்கியத்துக்காகவே எழுதியவரைக் கும்பிடலாம்.

தூரம் பற்றிய விதியிலும் களம் தெரிந்த ஒருவரின் கை தெரிகிறது. ஒன்றிலிருந்து ஐந்து வகுப்புகளுக்கு ஒரு கிலோமீட்டர், ஆறிலிருந்து எட்டுக்கு மூன்று கிலோமீட்டர் என்று மத்திய விதிகள் எல்லை வகுக்கின்றன. வெள்ளம், பாதையின்மை, வழியில் ஆபத்து உள்ள இடங்களில் இந்த எல்லையைக் குறுக்கிக்கொள்ள வேண்டும் என்றும் சொல்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த ஏரியைப் பார்த்தவர்களுக்கு, ஒரு கிலோமீட்டர் தரையும் ஒரு கிலோமீட்டர் தண்ணீரும் ஒன்றல்ல என்பது தெரியும். 2011 டிசம்பர் 25-ந் தேதி இங்கே ஒரு படகு கவிழ்ந்து, உல்லாசமாகப் பொழுதுபோக்க வந்தவர்களில் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். பெரியவர்களுக்கே அப்படி என்றால், புத்தகப் பையோடு படகேற வேண்டிய குழந்தையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இனி இரண்டாவது நூல். 2016-ன் திருத்தம் பதினான்கு வயதுக்குட்பட்டவர்களை எந்தத் தொழிலிலும் அமர்த்தக் கூடாது என்கிறது. உடனே ஒரு கதவையும் திறந்து வைக்கிறது: பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் குழந்தை உதவலாம். கடைத்தெருவில் பெட்டிக்கடை வைத்திருப்பவருடைய பிள்ளையை மனத்தில் வைத்து எழுதிய வாக்கியம் இது. அந்தப் பிள்ளைக்கு மாலை என்றால் மாலைதான்.

ஏரியில் அப்படியில்லை. வலை வேலை நீரோட்டத்தையும் இருட்டையும் பார்த்து நடப்பது. விடியுமுன் இறால் கரைக்கு வந்தால்தான் வியாபாரி வாங்குவார். தகப்பனோடு இரவெல்லாம் படகில் இருந்த பையன் காலையில் பள்ளிக்குப் போகிறான். வருகைப் பதிவேட்டில் அவன் பெயர் விழுகிறது. இரண்டாவது பாடவேளையில் தலை சாய்கிறது. சட்டத்தின் வாசகம் எங்கேயும் மீறப்படவில்லை, குழந்தைதான் தூங்கிவிட்டது.

இதை யாருமே யோசிக்கவில்லையா என்றால், யோசித்திருக்கிறார்கள். 2017-ல் வந்த விதிகளில், இரவு ஏழு மணி முதல் காலை எட்டு மணி வரை குழந்தை எந்த வேலையும் செய்யக்கூடாது என்று ஒரு வரி இருக்கிறது. மிக நல்ல வரி. ஆனால் சட்டத்தில் உதவலாம் என்ற அனுமதி பெரிய எழுத்தில் நிற்கிறது. ராத்திரியைப் பற்றிய தடை விதிகளுக்குள் போய் ஒளிந்துகொண்டிருக்கிறது. முதல் அத்தியாயத்தில் வர வேண்டிய சம்பவத்தை அடிக்குறிப்பில் வைத்த நாவல் மாதிரி.

அதே விதிகள், ஒரு குழந்தை சொல்லாமல் கொள்ளாமல் தொடர்ந்து முப்பது நாள் வராவிட்டால் தலைமை ஆசிரியர் அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்கின்றன. குப்பத்துப் பிள்ளை தொடர்ந்து முப்பது நாள் நிற்பதில்லை. மூன்று நாள் வருவான், இரண்டு நாள் வரமாட்டான். படிப்பு அறுந்து விழுவதில்லை; நைந்து போகிறது. அறுந்ததைக் கண்டுபிடிக்கத் தெரிந்த சட்டத்துக்கு நைவதைக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. புகார் கொடுத்தால் மூன்று மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. மூன்று மாதம் என்பது ஏரியில் ஒரு பருவம். அதற்குள் மாணவன் முழு ஆளாகியிருப்பான்.

தகப்பன் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. சின்ன வயதில் தண்ணீரைப் பழகாதவன் பிறகு பழகமாட்டான் என்கிறார்கள் மீனவர்கள். அது பொய்யல்ல. ஆனால் அவர்களுடைய சொந்தச் சட்டம் ஒன்று இருக்கிறது. பாடு என்று பெயர். எந்தக் குப்பத்தார், எந்த இடத்தில், எந்த நாளில் வலை கட்டலாம் என்பதை முறைவைத்துப் பங்கிடுகிற பழைய ஏற்பாடு அது. அதில் பங்கு வயது வந்த ஆணுக்குத்தான், சிறுவனுக்கு இல்லை. பங்கு கேட்கும் வயது வராதவனுக்கு வேலை செய்யும் வயது மட்டும் எப்படி வந்தது என்று அவர்களுடைய தர்மத்தை வைத்தே அவர்களைக் கேட்கலாம்.

பாட்டில் குறையும் உண்டு. படகும் வலையும் இல்லாமல், சேற்றில் கையால் துழாவி இறால் பிடிக்கிற இருளருக்கு அதில் இடமில்லை. அவர்களுடைய பிள்ளைகளுக்குத்தான் புதிய சட்டம் அதிகம் தேவை. வயதுச் சான்று இல்லை என்று சேர்க்க மறுக்கக் கூடாது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும் மறுக்கக் கூடாது. வயது கடந்து வந்தாலும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துத் தனிப் பயிற்சி தர வேண்டும். இவை எல்லாம் அதில் அழகாக எழுதப்பட்டிருக்கின்றன. அவர்களில் எத்தனை பேருக்கு அவற்றைப் படித்துச் சொல்ல ஆள் இருக்கிறது?

எழுதப்படாத பாடு பல தலைமுறையாக நின்றதற்கும், அச்சிட்ட சட்டம் தள்ளாடுவதற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. பாட்டை மீறினால் அன்றே கேட்க ஆள் உண்டு. கேட்பவனுக்கும் கேட்கப்படுபவனுக்கும் அது மனப்பாடம். கல்விச் சட்டத்திலும் அப்படி ஓர் இடம் விட்டிருக்கிறார்கள். பள்ளி நிர்வாகக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது 21-வது பிரிவு. பள்ளி நாள்காட்டியை வகுப்பது உள்ளூர் அதிகார அமைப்பின் கடமை என்கிறது 9-வது பிரிவு. ஐந்தாவது வரை இருநூறு நாள் பள்ளி நடக்க வேண்டும்; எந்த இருநூறு நாள் என்பதை ஏரியைக் கேட்டு முடிவு செய்யச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. ஆனால் மாநிலம் முழுவதற்கும் ஒரே நாள்காட்டி சென்னையில் தயாராகிவிடுகிறது.

புதுச் சட்டம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இருக்கிற நூல் மோசமான நூல் அல்ல. வாசகரைச் சென்றடையாத நூல். இரவு ஏழு முதல் காலை எட்டு வரை என்ற அந்த ஒரு வரியைக் குப்பத்துத் தாய்மார்கள் கூடுமிடத்தில் நல்ல தமிழில் நாலு தடவை வாசித்துக் காட்டட்டும். பிள்ளையைப் படகுக்கு எழுப்புகிற நேரத்தில், தூங்கட்டும் விடு என்று சொல்ல அவர்களுக்கு ஒரு பலம் கிடைக்கும்.